கதிர்காமப் பாதயாத்திரை

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியினின்று புறப்படும் கதிர்காம அடியார், முல்லைத்தீவு, திருகோணமலை கடந்து, கிளிவெட்டி, வெருகல் ஊடாக மட்டக்களப்பு நோக்கி நடப்பர். பின்னர் உகந்தையில் வழிபட்டுக் குமணக் காட்டினுட் புகுவர். முழுவழியும் நடப்போர்க்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் செல்லும்.

பருவந்தோறும் இந்நடையின் கவர்ச்சி வேறுபடுகின்றது. இளைஞனைக் காடு அழைக்கிறது. இல்லறத்தானை நேர்த்திக்கடன் நடத்துகிறது. முதியவருக்கோ முன்னோர் சென்ற வழியிலே தாமும் சென்றோம் என்னும் நிறைவு போதும்.

1983இல் மூண்டு 2009இல் முடிந்த போர் இவ்வழியைப் பலகால் அடைத்தது. கால் வலுத்த பருவத்தில் நடக்க இயலாமலே பலர் முதிர்ந்தனர். நீர் எங்கே கிடைக்கும், இரவில் எங்கே தங்கலாம், யானை எங்கே நடமாடும் என்பனவற்றை இளையோர் மூத்தோருடன் நடந்தே கற்றனர். ஆதலின், மூத்தோர் நடக்க வல்லராய் இருக்கும்போதே இளையோர் உடன் செல்லுதல் நன்று.