ஸ்க்ராபிளில் 'எஸ்' ஏன் நாலே நாலு?

நைட் டூட்டி. கேஸ் இல்லாத அரை மணி நேரம். ஹவுஸ் சர்ஜன் தம்பிங்க ரெண்டு பேர் பழைய ஸ்க்ராபிள் போர்டை விரிச்சு ஆடிட்டு இருந்தாங்க. "எஸ் வரவே மாட்டேங்குது சார்"னு ஒருத்தர் புலம்பல்.

வராதுப்பா. அப்படித்தான் போட்டு வச்சிருக்கார் ஒருத்தர். அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

ஆல்ஃபிரட் பட்ஸ். நியூயார்க்கில் ஆர்க்கிடெக்ட். 1929 பங்குச்சந்தை சரிவுக்கு அப்புறம் கட்டடம் கட்ட ஆள் இல்லை, அவருக்கு வேலையும் போச்சு. சும்மா இருந்த மனுஷன் விளையாட்டுகளை ஆராய ஆரம்பிச்சார். பகடை மாதிரி எண் ஆட்டம் அதிர்ஷ்டம். செஸ் மாதிரி காய் நகர்த்துற ஆட்டம் மூளை. ரெண்டும் கலந்த எழுத்து ஆட்டம் ஒண்ணு வேணும்னு முடிவு பண்ணார்.

எந்த எழுத்து எத்தனை வைக்கிறது? நியூயார்க் டைம்ஸ் பேப்பரை எடுத்து வச்சு, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருதுன்னு கையாலயே எண்ணினார்!

நாங்க ரத்தத்துல டிஃபரென்ஷியல் கவுண்ட் பார்ப்போம். மைக்ராஸ்கோப்புல 100 வெள்ளை அணுவை எண்ணுவோம். நியூட்ரோஃபில் பாதிக்கு மேல இருக்கும், பேசோஃபில் ஒண்ணு கிடைச்சா பெரிசு. ஸ்க்ராபிள்லயும் மொத்தம் 100 கட்டை. ஈ 12, ஏ 9. கியூவும் இசட்டும் ஒண்ணே ஒண்ணு, அதனால 10 பாயிண்ட். இரண்டு வெத்துக் கட்டை.

எஸ் மட்டும் அவர் வேணும்னே குறைச்சது. எந்த வார்த்தைக்குப் பின்னாடியும் எஸ் ஒட்டி பன்மை ஆக்கிடலாமே! ஆட்டம் சப்புன்னு போயிடும். அதனால நாலுதான்.

முதல்ல போர்டே கிடையாது, பேர் லெக்ஸிகோ. குறுக்கெழுத்து மாதிரி போர்டு வந்தது 1938-ல. 15-க்கு 15 கட்டம், கையில 7 கட்டை, முதல் வார்த்தை நடுக்கட்டத்தைத் தொடணும், அப்புறம் வர்றது எல்லாம் ஏற்கனவே இருக்கிறதோட ஒட்டணும்.

பெரிய கம்பெனிகள் வேண்டாம்னுட்டாங்க. 1948-ல ஜேம்ஸ் ப்ருனோ வாங்கி 'ஸ்க்ராபிள்'னு பேர் வச்சார். 1949-ல 2400 செட் செஞ்சு 450 டாலர் நஷ்டம். 1952-ல மேசிஸ் கடை முதலாளி லீவுல இதை ஆடிட்டு, திரும்பி வந்து "நம்ம கடையில ஏன் இல்ல?"ன்னு கேட்டாராம். அப்புறம் செஞ்சு மாளலை.

பட்ஸுக்கு ஒரு செட்டுக்குச் சில சென்ட்தான். அவர் மறுபடி ஆர்க்கிடெக்ட் வேலைக்கே போயிட்டார். 1993-ல, 93 வயசுல இறந்தார். அவர் எண்ணி வச்ச கணக்கு இங்கிலீஷ் செட்டில் இன்னைக்கும் அதேதான்.

இதெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தம்பி அடுத்த கட்டையை எடுத்தார். கியூ. கையில யூ இல்ல.