38 வயதில் மூன்று தோல்விகள்: உச்சம் கடந்த வீரரை வெல்வதன் மதிப்பு

1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸின் சீசர்ஸ் பேலஸ் வளாகத்தில் குத்துச்சண்டையில் லேரி ஹோம்ஸ் முகம்மது அலியை வென்றார். 1988 ஜனவரி 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மைக் டைசன் அதே ஹோம்ஸை வென்றார். தோற்றபோது அலிக்கு வயது 38, ஹோம்ஸுக்கும் 38. அலி கடைசியாகப் போட்டியிட்டு இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. ஹோம்ஸ் 21 மாதங்களாக ரிங்கில் இறங்கவில்லை. இருவரும் ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பியவர்கள். வயதும் இடைவெளியுமே அளவுகோல் என்றால் இரண்டு வெற்றிகளுக்கும் ஒரே மதிப்பைத் தந்தாக வேண்டும். அப்படித்தான் பெரும்பாலும் தரப்படுகிறது: 'கிழவரை அடித்தார்' என்று இரண்டும் ஒரே மூச்சில் தள்ளப்படுகின்றன. இது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். முதல் வெற்றி ஹோம்ஸின் புகழில் ஏறக்குறைய எதையும் சேர்க்கவில்லை. இரண்டாவது, டைசன் பெற்ற வெற்றிகளில் முன்வரிசையில் வைக்கத் தக்கது.

'உச்சம்' என்பதை நாம் எப்படி அறிகிறோம்? வீரர் தோற்ற பிறகு பின்னோக்கிப் பார்த்துத்தான் பல நேரங்களில் அதற்கு எல்லை வகுக்கிறோம். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்கொண்டபோது அலிக்கு 32 வயது. அதற்கு முந்தைய ஆண்டு கென் நார்ட்டன் அவருடைய தாடையை உடைத்து வென்றிருந்தார். ஃபோர்மனுக்கு 25 வயது. அதுவரை தோல்வியே இல்லை. அன்று அலி தோற்றிருந்தால் அவருடைய உச்சம் 1967இலேயே முடிந்துவிட்டது என்று இன்று எல்லோரும் எழுதியிருப்பார்கள்; ஃபோர்மனின் வெற்றியும் தள்ளுபடி விலைக்கு வந்திருக்கும். அலி எட்டாம் சுற்றில் வென்றார். ஆகவே அந்த இரவு உச்சத்தின் பகுதியாகிவிட்டது. முடிவைக் கொண்டே உச்சத்தைக் கணித்து, பின் அந்த உச்சத்தைக் கொண்டே முடிவை எடைபோடுவது வட்டத்தில் சுற்றும் வாதம். ஆகவே அன்றிரவின் முடிவை ஒதுக்கிவிட்டு மற்றச் சான்றுகளைத் தேட வேண்டும்: அந்தப் போட்டிக்கு முன்பு நடந்தவை, ரிங்கிற்குள் கண்ணால் கண்டவை, அதன் பின்பு நடந்தவை. இவற்றுள் கடைசியையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதையே பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை.

அலியின் சரிவுக்கு முன்சான்று ஏராளம். 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் 15 சுற்றுகள் அடிவாங்கி வென்ற பிறகு, அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ அணியை விட்டே விலகினார். 1978 பிப்ரவரியில், வெறும் ஏழு தொழில்முறைப் போட்டிகளே ஆடியிருந்த லியான் ஸ்பிங்ஸிடம் பட்டத்தை இழந்தார். செப்டம்பரில் மீட்டார், ஆனால் அது ஓடியும் கட்டிப்பிடித்தும் எடுத்த வெற்றி. 1980இல் மாயோ கிளினிக் செய்த பரிசோதனையில், விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் சற்றே குறி தவறுவதும், ஒற்றைக் காலில் தத்துவதில் எதிர்பார்த்த லாவகம் இல்லாததும் பதிவாயின. அப்படியிருந்தும் நெவாடா ஆணையம் உரிமம் வழங்கியது. தைராய்டு மருந்தை உட்கொண்டு எடை குறைந்திருந்த அலி, பார்ப்பதற்குப் பத்து வயது குறைந்தவர் போலிருந்தார். அந்தத் தோற்றம் பலரை ஏமாற்றியது.

ரிங்கில் நடந்ததைப் போட்டி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அலியின் கைகள் புறப்படவே இல்லை. புள்ளி வழங்கிய மூவரும் எல்லாச் சுற்றுகளையும் ஹோம்ஸுக்கே கொடுத்தனர். ஒருகாலத்தில் அலியின் பயிற்சித் துணைவராக இருந்த ஹோம்ஸ், அடியை அடக்கிக்கொண்டு நடுவரை நோக்கினார். 10ஆம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். பின்சான்றும் இதையே உறுதி செய்கிறது: 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோல்வி, 1984இல் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதாக மருத்துவ அறிவிப்பு. ஹோம்ஸின் பெருமைக்கு இந்த வெற்றி தேவையுமில்லை. 1978இல் நார்ட்டனோடு 15 சுற்றுகள் நின்று பட்டம் வென்றதும், 1982இல் ஜெரி கூனியை 13ஆம் சுற்றில் முடித்ததும் அதற்குப் போதும்.

இப்போது 1988. ஹோம்ஸ் அதற்கு முன் மைக்கேல் ஸ்பிங்ஸிடம் இரு முறை தோற்றிருந்தார். 48 வெற்றிகளோடு, ராக்கி மார்சியானோவின் 49ஐ எட்ட ஒன்றே மீதமிருந்தபோது முதல் தோல்வி வந்தது. இரண்டாவது, நடுவர்கள் பிளவுபட்டுத் தந்த தீர்ப்பு. ஹோம்ஸே வென்றார் என்போர் இன்றும் உண்டு. இருமுறையும் அவரை யாரும் வீழ்த்தவில்லை. 21 வயது டைசன் நான்காம் சுற்றில் மூன்று முறை கீழே தள்ளினார்.

அதன் பிறகு நடந்தவை அந்த வெற்றியின் எடையையே மாற்றுகின்றன. 1992 பிப்ரவரியில், 42 வயதில், சியோல் ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் அதுவரை தோல்வி காணாதவருமான ரே மெர்சரை ஹோம்ஸ் வென்றார். அதே ஆண்டு ஜூனில் இவாண்டர் ஹோலிஃபீல்டுடன் 12 சுற்றுகளும் நின்றார். 45 வயதில் ஆலிவர் மெக்காலிடம் நெருக்கமான புள்ளிகளில்தான் தோற்றார். 75 போட்டிகள் கொண்ட வாழ்க்கையில் அவரை ஆட்டத்தை முடிக்கவிடாமல் வீழ்த்தியவர் டைசன் ஒருவரே. 1988இல் ஹோம்ஸிடம் ஒன்றுமே மீதமில்லை என்றால், நான்காண்டுகள் கழித்து மெர்சரை வென்றவர் யார்? நீண்ட இடைவெளியின் துரு அன்று அவர் மேல் இருந்தது உண்மை. அதற்கு ஒரு கழிவு தரலாம். அதற்கு மேல் தருவது டைசனுக்குச் செய்யும் அநீதி.

இந்த அளவுகோல் இந்த இரண்டு போட்டிகளோடு நிற்பதில்லை. மார்சியானோவின் பட்டியலில் 1951 அக்டோபரில் ஜோ லூயிஸை எட்டாம் சுற்றில் வீழ்த்தியதே அதிகம் பேசப்படுகிறது. அதைக் குறைத்துப் பேசுவோரும் அதையேதான் சுட்டுகிறார்கள். லூயிஸுக்கு அப்போது 37 வயது. வரிக் கடனுக்காக ஆடிக்கொண்டிருந்தார். இடது ஜாப் அன்றும் வேலை செய்தது, வலது கை பழைய விரைவில் புறப்படவில்லை. சரிவை முந்தைய ஆண்டே எஸ்ஸார்ட் சார்ல்ஸ் 15 சுற்றுகளில் வெளிச்சமிட்டுக் காட்டிவிட்டார். ஆனால் 1952 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் மார்சியானோ வென்ற ஜெர்சி ஜோ வால்காட் லூயிஸை விட மூத்தவர்: வயது 38. முதல் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் வீழ்த்தினார். 12 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாள்களிலும் அவரே முன்னிலையில் இருந்தார். 13ஆம் சுற்றில் வந்த ஒரே வலது கைக் குத்து பட்டத்தை மாற்றியது. முதன்முதலாகப் பட்டம் வென்றதே 37 வயதில் என்ற வால்காட்டை, பிறந்த ஆண்டைப் பார்த்து உச்சம் கடந்தவர் என்று யார் சொல்ல முடியும்? லூயிஸின் பெயர் பெரியது, வால்காட்டிடம் அன்று இருந்த ஆற்றல் பெரியது. மார்சியானோவின் தகுதியை இரண்டாவதைக் கொண்டே அளக்க வேண்டும்.

ஒரு மறுப்பு எழும்: பின்சான்று அந்த இரவில் கையில் இருக்காது, தோல்வியே ஒருவரைச் சிதைத்துவிடுவதும் உண்டு, ஆகவே பின்னால் வந்த சரிவை முன்பே இருந்ததாக வாசிக்கக் கூடாது. இது நியாயமான எச்சரிக்கை, ஆனால் ஒரு திசையில் மட்டுமே செல்லும். பிற்காலச் சரிவு ஐயத்துக்கு உரிய சான்று. பிற்கால வெற்றி உறுதியான சான்று, ஏனெனில் இல்லாத ஆற்றலைக் கொண்டு யாரும் மெர்சரை வெல்ல முடியாது. 2014 நவம்பரில் செர்கே கோவலெவ் 49 வயது பெர்னார்டு ஹாப்கின்ஸை எல்லாச் சுற்றுகளிலும் வென்றதை இப்படி வாசிக்கிறேன். ஹாப்கின்ஸ் 2016இல் ஜோ ஸ்மித்தின் குத்தில் கயிறுகளுக்கு வெளியே விழுந்ததை இதில் கணக்கெடுக்க மாட்டேன். அதே 2014 ஏப்ரலில் பெய்பட் ஷுமெனோவை வென்று அவர் மற்றொரு உலகப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டதைக் கணக்கெடுப்பேன். ஏழு மாதங்களுக்கு முன் உலகப் பட்டம் வெல்லும் நிலையில் இருந்த ஒருவருக்கு ஒரு சுற்றைக்கூட விட்டுக்கொடுக்காத அந்த வெற்றிக்கு, 49 என்ற எண்ணைக் காட்டி இதுவரை தரப்பட்டதை விட அதிக மதிப்புத் தர வேண்டும்.