மார்க் பிராட்ஃபோர்டின் 'பிக்கெட்டின் தாக்குதல்'

மார்க் பிராட்ஃபோர்ட் (பிறப்பு: 1961) அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சேர்ந்த ஓவியர். ஓவியர் என்றாலும் இவருடைய ஆக்கங்களில் தூரிகைக்கு வேலை குறைவு. காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, பிறகு கிழித்தும் உப்புத்தாள் பொருத்திய மின்கருவியால் தேய்த்தும் சுவரளவு ஒட்டுச்சித்திரங்களை உருவாக்குகிறார்.

இவருடைய தாயார் லெய்மர்ட் பார்க் பகுதியில் சிகையலங்கார நிலையம் நடத்தினார். பிராட்ஃபோர்டும் அங்கே வேலை செய்தவர். முப்பது வயதையொட்டித்தான் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1997இல் முதுகலைப் பட்டம் பெற்றார். முடியைச் சுருட்டும்போது நுனியில் மடித்து வைக்கும் மெல்லிய தாள்களே அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தன. அவற்றின் ஓரங்களைக் கருக்கி, வரிசை வரிசையாக ஒட்டினார்.

அடுத்துத் தெருவுக்கு வந்தார். 1992 கலவரத்துக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸில் காலிமனைகளைச் சுற்றிப் பலகை வேலிகள் எழுந்தன. அவற்றில் கடன், மணவிலக்கு, குழந்தை வளர்ப்புரிமை தொடர்பான விளம்பரச் சுவரொட்டிகள் நிறைந்தன. ஒரு வட்டாரத்து மக்களின் கவலை என்னவென்று அறிய இதைவிட நேரடியான ஆவணம் கிடைப்பது அரிது. அந்தச் சுவரொட்டிகளையே அவர் தம் ஆக்கங்களுக்குப் பொருளாக்கினார்.

வரலாற்று மாணவர்கள் அறிய வேண்டிய ஆக்கம் 2017இல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட 'பிக்கெட்டின் தாக்குதல்'. அதன் பின்னணி இது: அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 3 அன்று, கெட்டிஸ்பர்க்கில் தென்மாநிலப் படையினர் சுமார் 12,500 பேர் திறந்த வயல்வெளியைக் கடந்து வடக்குப் படையைத் தாக்கினர். பாதிக்கு மேற்பட்டோர் மாண்டோ, காயமுற்றோ, சிறைப்பட்டோ போயினர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தரப்பின் தோல்வி அது. ஆனாலும் தென்பகுதியில் பலர் அதை வீரக்கதையாகவே சொல்லி வந்தனர்.

1880களில் பிரெஞ்சு ஓவியர் பால் ஃபிலிப்போட்டோ இக்காட்சியை வட்டச் சுவர் ஓவியமாகத் தீட்டினார். பார்ப்பவர் நடுவில் நிற்க, சுற்றிலும் போர் நடக்கும். திரைப்படம் வராத காலத்தில் இதுவே பெரும் காட்சி. அதன் ஒரு படி இன்றும் கெட்டிஸ்பர்க்கில் உள்ளது.

ஹிர்ஷ்ஹார்ன் கட்டடமும் வட்ட வடிவமே. பிராட்ஃபோர்ட் அந்தப் பழைய ஓவியத்தின் படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் பெரிதாக அச்சிட்டார். அவற்றோடு வண்ணத்தாள்களையும் கயிறுகளையும் அடுக்குகளாக ஒட்டினார். பின்னர் கயிறுகளைப் பிடித்து இழுத்தபோது காகிதம் நீண்ட கீற்றுகளாகக் கிழிந்தது. மொத்தம் 8 ஆக்கங்கள். ஒவ்வொன்றும் 45 அடிக்கும் மேல் நீளம். சேர்த்தால் ஏறத்தாழ 400 அடி.

கீற்றுகளுக்கிடையே ஒரு குதிரை, ஒரு சக்கரம், புகை எனத் துண்டுதுண்டாகத்தான் போர் தெரிகிறது. எவர் வென்றார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பழைய ஓவியத்தின் குறை இதுவென்று அவர் எழுதிக் காட்டவில்லை, கிழித்துக் காட்டினார். எனக்கு இது அழிப்பாகத் தோன்றவில்லை, ஒரு பாடத்தை மறுபடி வாசிப்பதாகவே தோன்றுகிறது.

காட்சி 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. தென்மாநிலத் தளபதி லீயின் சிலையை அகற்றும் முடிவை எதிர்த்துக் கூடிய கூட்டத்தால் சார்லட்ஸ்வில் நகரில் வன்முறை வெடித்து அப்போது மூன்று மாதங்களே ஆகியிருந்தன.