செவிவழி ஜப்பானியம்: ஒலித்தட்டு முதல் ஒலிநாடா வரை

முன்னுரை

ஒரு மொழியின் எழுத்தைக் காணாமலே அம்மொழியைக் கற்கத் தொடங்கலாமா என்னும் வினா, ஜப்பானிய மொழியைப் பொறுத்தவரை தனிச்சிறப்புடையது. இருவகை அசையெழுத்துகளும் ஆயிரக்கணக்கான கான்ஜி எழுத்துகளும் கலந்த அதன் எழுத்துமுறை, தொடக்கநிலை மாணவரைப் பேச்சின் வாயிலிலேயே நிறுத்திவிடக்கூடியது. எழுத்தை ஒத்திவைத்து ஒலியை முன்வைத்த பாடங்களின் வரலாற்றையும், அவற்றின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்க்காலத் தேவை

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். மறு ஆண்டு அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது பேச்சுப் பயிற்சியையும் அதில் சேர்த்தார். ஜப்பானிய மொழியைப் பெருமளவில் கற்பிக்கும் தேவை, 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியபின் எழுந்தது. பேச்சே மொழி, எழுத்து அதன் பதிவு மட்டுமே என்னும் கொள்கையுடைய புளூம்ஃபீல்டு, 1942இல் அயல்மொழி கற்போர்க்கு ஒரு கையேடு எழுதினார். அக்கொள்கை வழியில் பெர்னார்டு பிளாக்கும் எலினார் ஜோர்டனும் இயற்றிய பேச்சு ஜப்பானியப் பாடநூல் 1945இல் வெளிவந்தது. அது உரோமன் எழுத்தில் அமைந்தது. தாய்மொழியாளர் சொல்ல மாணவர் திரும்பச் சொல்வதே பயிற்சி. தாய்மொழியாளர் கிடைக்காதவிடத்து ஒலித்தட்டு அவரிடத்தை நிரப்பியது.

அக்காலத்தில் தாய்மொழியாளரின் நிலை எளிதாக இல்லை. 1942 முதல் மேற்குக் கடற்கரைப் பகுதியிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெர்க்லியிலிருந்த கடற்படை ஜப்பானிய மொழிப்பள்ளி, அவ்வம்சாவளி ஆசிரியர் அங்குத் தங்க இயலாமையால், அவ்வாண்டே கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகருக்கு மாற்றப்பட்டது. எவர் குரலைப் பின்பற்றுமாறு மாணவர் பணிக்கப்பட்டனரோ அவர்தம் சமூகமே ஐயத்திற்கு உள்ளாகியிருந்தது.

நினைவும் ஒலிநாடாவும்

போருக்குப்பின் ஒலிநாடா பரவியது. பால் பிம்ஸ்லர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் எனத் தொடங்கி, இடைவெளியை ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருக்கி நினைவுகூரச் செய்யும் முறையை வகுத்தார். முதல் நான்கு இடைவெளிகள் அரைமணிப் பாடத்துள் அடங்குவன. அவர் 1976இல் மறைந்தார். அவர் முறையில் பின்னர் ஜப்பானியப் பாடங்களும் வெளிவந்தன. வினாவுக்குப்பின் விடப்படும் இடைவெளியில் மாணவர் விடைகூற, பின்னரே சரியான விடை ஒலிக்கும்.

நீண்ட தொடரை இறுதியிலிருந்து கட்டுதல் இத்தகைய பாடங்களின் மற்றோர் உத்தி. 'மன்னிக்கவும்' என்னும் பொருளுடைய 'ஸுமிமஸென்' என்பது 'ஸென், மஸென், மிமஸென், ஸுமிமஸென்' என வளர்க்கப்படும். வினையும் எதிர்மறையும் ஈற்றில் நிற்கும் மொழிக்கு இவ்வுத்தி மிகப் பொருந்துகிறது. தமிழும் அத்தகையதே.

தமிழர் செவி

தமிழ் மாணவர்க்குச் செவிவழிப் பாடம் தனிப் பயன் தருவது. ஜப்பானியத்தில் பொன்னையும் வெள்ளியையும் குறிக்கும் சொற்கள் முதல் ஒலியின் அதிர்வால் மட்டுமே வேறுபடுவன. தமிழெழுத்தில் இரண்டும் 'கின்' என்றே அமையும். சரிவைக் குறிக்கும் சொல்லும் ஸக மாவட்டத்தின் பெயரும் அவ்வாறே 'ஸக' என ஒன்றாகிவிடும். எழுத்தாளரைக் குறிக்கும் 'ஸக்க' மட்டுமே வேறுபட்டு நிற்கும். உயிரிடை ஒற்றை வல்லினம் தமிழில் மெலிந்தொலிப்பதால், அம்மூன்றையும் மாணவர் இரண்டாகவே கேட்கக்கூடும்.

மாத்திரைக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. தமிழிலக்கணம் மெய்க்கு அரை மாத்திரை அளிக்கிறது. ஜப்பானியத்தில் 'நிப்பொன்' என்பதன் இரட்டித்த ஒலியின் முற்பாதியும் இறுதி னகரமும் தனித்தனியே முழு மாத்திரை பெறுவன. வினையீற்று 'மஸு' செவிக்கு 'மஸ்' என்றே படும். இது குற்றியலுகரத்தை நினைவூட்டினும், அவ்வுகரத்தின் மாத்திரை அங்குக் குறைவதில்லை.

எல்லை

ஒலிநாடா பேசும், கேளாது. மாணவர் 'ஸக' என்னாமல் 'ஸக்க' என்றால் திருத்துவார் இல்லை. கேட்பது 'மஸ்' மட்டுமாயின், மறைந்த உகரத்தை அசையெழுத்தே காட்டும். 'ஷிரிட்ஸு' என்பது தனியார் நிறுவனத்தையும் நகராட்சி நிறுவனத்தையும் குறிப்பது. தெளிவு வேண்டும்போது ஜப்பானியரே கான்ஜியின் மாற்று ஒலிப்பைக் கூறி வேறுபடுத்துவர். எழுத்தறியாத மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்விளக்கமும் புரியாது.

முடிவுரை

எழுத்தை ஒத்திவைத்தல் வேறு, விலக்குதல் வேறு. பிறமொழி எழுத்தின் வழியே ஜப்பானிய ஒலியைத் தவறாகப் பழகாமல் செவிவழிப் பாடம் காக்கிறது. அக்காப்பு தேவைப்படுவது தொடக்கத்திலாகும். செவி பழகியபின் அசையெழுத்தையும், அதன்பின் கான்ஜியையும் சேர்ப்பதே தமிழர்க்கான பாடத்திட்டத்திற்கு ஏற்ற வரிசையாகும்.