பஸ் என்பது ஒரு வேற்றுமை உருபு

என் ஆய்வு நண்பர் ஒருவர் பார்வையற்றவர். வாய்மொழிக் கதைகளைத் தொகுப்பவர். ஹைதராபாத்தில் இருந்தபடியே இணையவழி அழைப்பில் ஒரு முதியவரிடம் கதை கேட்டுப் பதிவு செய்தார். ஒலிபெயர்ப்புக்கு உதவ அந்தக் கோப்பை நான் திறந்தபோது கதைசொல்லியின் குரல்மீது இன்னொரு குரல் ஏறி நின்றது. நண்பரின் கணினித் திரையில் தோன்றிய அறிவிப்புகளைத் திரைநவிலி அவ்வப்போது படித்திருக்கிறது. கணினியிலிருந்து வெளிவந்த ஒலியெல்லாம் ஒரே வழியில் போனதால் அவருக்காகப் பேசிய குரலும் ஆவணத்திற்குள் புகுந்துவிட்டது. அந்த இடங்களில் உயிரெழுத்தின் மாத்திரையை அளக்க முடியவில்லை. சில இடங்களில் சொல்லே கேட்கவில்லை.

(ஸ்கிரீன் ரீடருக்குத் தமிழில் வழங்கும் சொற்களில் ‘திரைநவிலி’யே எனக்குப் பிடித்தது. அந்த மென்பொருள் தனக்காக எதையும் வாசிப்பதில்லை, பிறருக்கு நவில்கிறது.)

எந்த ஒலி எங்கே போகவேண்டும் என்று வகுப்பதை ஒலிப்பதிவாளர்கள் ரூட்டிங் என்பார்கள். பல ஒலிகள் ஒன்றுசேர்ந்து செல்லும் பொதுவழிக்குப் பெயர் பஸ். இந்தப் பெயரின் வரலாறு மொழியியல் மாணவருக்குச் சுவையானது. 1826-இல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் பொதுமக்களுக்கான குதிரை வண்டிச் சேவையைத் தொடங்கினார். ‘ஓம்னிபஸ்’ என்ற பெயர் அவ்வண்டிக்கு நிலைத்தது. இலத்தீனில் அதன் பொருள் ‘எல்லோருக்கும்’. ‘எல்லாம்’ என்ற பொருள் ‘ஓம்னி’ என்ற பகுதியில் இருக்கிறது. ‘பஸ்’ பன்மைக்குரிய நான்காம் வேற்றுமை ஈறு, ஏறத்தாழ நம் ‘கு’ உருபு போன்றது. பேச்சுவழக்கு பகுதியைக் கழித்துவிட்டு உருபை மட்டும் வைத்துக்கொண்டது. பின்னர் மின்னியலார் பல இணைப்புகளுக்குப் பொதுவான மின்கடத்திப் பட்டையை அப்பெயரால் அழைத்தார்கள். அங்கிருந்து அது ஒலிக்கலவைப் பலகைக்கு வந்தது.

அந்தப் பலகைகளின் காலத்தில் ரூட்டிங் என்பது கையால் செய்யும் வேலை. பேட்ச் பே எனப்படும் துளைவரிசையில் ஒரு துளைக்கும் இன்னொரு துளைக்குமிடையே கம்பியைச் செருகுவார்கள். அந்தக் கால் அங்குல ஜாக், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகத்தின் கொடை. நம் நாட்டில் பார்வையற்றோருக்கு நெடுங்காலம் கிடைத்துவந்த சில அரசுப் பணிகளில் தொலைபேசி இயக்குநர் பணியும் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கம்பியைத் தடவிப் பார்த்தால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் சொல்லிவிடும். அதற்குக் கண் கட்டாயமில்லை.

ஒலிப்பதிவுக் கூடம் கணினித் திரைக்குள் குடிபுகுந்தபோது அந்தக் கம்பி ஓவியமாகிவிட்டது. மென்பொருள் நிறுவனங்கள் குமிழ்களையும் விசைகளையும் படமாக வரைந்தன. படத்துக்குள் எழுத்து இல்லை. எனவே திரைநவிலிக்கு நவில ஒன்றும் இல்லை. புரோ டூல்ஸை மேக் கணினியில் ஓரளவு கையாண்டுவந்த பார்வையற்ற ஒலிப்பதிவாளர்கள், அது மேக் ஓஎஸ் எக்ஸுக்கு மாறியபோது அந்த வசதியை இழந்தார்கள். பல ஆண்டுகள் வற்புறுத்திய பிறகே மீட்டார்கள். விண்டோஸில் சோனார் மென்பொருளை ஜாஸ் திரைநவிலியோடு பொருத்த டான்சிங் டாட்ஸ் நிறுவனம் ‘கேக்டாக்கிங்’ என்ற நிரல்தொகுப்பை விற்றது. பலர் அதனால் பிழைப்பு நடத்தினார்கள். ஆனால் இவ்வகை நிரல்கள் மூல மென்பொருளின் நிழலில் வாழ்பவை. மூலம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இவையும் செப்பனிடப்பட வேண்டும். 2017-இல் சோனாரின் உரிமையாளரான கிப்சன் அதன் உருவாக்கத்தையே நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு பேண்ட்லேப் வாங்கிக் காப்பாற்றியது வேறு கதை.

திருப்பம் நேர்ந்தது ரீப்பரில். வின்ஆம்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் எழுதிய இம்மென்பொருளின் முதற்பதிப்பு 2006-இல் வெளியானது. அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்விடிஏ என்ற இலவசத் திரைநவிலியை எழுதத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் தே பின்னாளில் ரீப்பருக்காக ஓசாரா என்ற திறமூல இணைப்பை உருவாக்கினார். இருவரும் பார்வையற்றவர்கள்.

ஓசாரா திரையைப் பார்த்து ஊகிப்பதில்லை, ரீப்பரையே கேட்கிறது. ரீப்பரும் பதில் சொல்லக்கூடிய அமைப்பில் இருக்கிறது. பல மென்பொருள்களில் ட்ராக் ஒரு வகை, பஸ் இன்னொரு வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடைமுறை. ரீப்பரில் இருப்பது ட்ராக் ஒன்றுதான். பிற ட்ராக்குகள் தம் ஒலியை எந்த ட்ராக்குக்கு அனுப்புகின்றனவோ அது பஸ் ஆகிறது. ‘இராமனுக்கு’ என்பதில் கொள்வோன் என்னும் பொருள் இராமன் என்ற பெயருக்குள் இல்லை. உருபு ஏற்றதால் அது வந்தது. பஸ்ஸும் அப்படி ஏற்ற பொறுப்புதான்.

என்னை வியக்கவைத்தது இன்னொன்று. ரீப்பரின் திட்டக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஓர் இணைப்பு அதில் அனுப்பும் ட்ராக்கின்கீழ் எழுதப்படுவதில்லை. பெறும் ட்ராக்கின்கீழ், எங்கிருந்து வருகிறது என்ற எண்ணோடு எழுதப்படுகிறது. நாமும் கொடுப்பவருக்கு உருபு சேர்ப்பதில்லை, பெறுபவருக்குத்தான் சேர்க்கிறோம். தற்செயலான ஒற்றுமைதான், இதில் ஆய்வேடு எழுத ஒன்றுமில்லை. ஆனால் எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் எழுத்தில் இருக்கும்போது ரூட்டிங் என்பது சொல்லக்கூடிய வாக்கியமாகிவிடுகிறது. ‘அணுகல்தன்மை’ பற்றிய நம் கருத்தரங்குகள் படத்துக்கு விளக்கம் எழுதுவதிலேயே நின்றுவிடுகின்றன. வாக்கியமாக இருந்த ஒன்றை யார் படமாக்கினார்கள் என்று நாம் கேட்பதில்லை.

சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஒரு ட்ராக்கை பஸ்ஸுக்கு அனுப்பியபின் அதிலிருந்து மாஸ்டருக்கு நேரே போகும் வழியை அடைக்க மறந்தால் ஒலி இரட்டிக்கும். பார்ப்பவருக்கு ஒரு குறியீடு நினைவூட்டும். கேட்பவர் தாமே நினைவில் வைத்திருக்க வேண்டும். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ இயக்கி ஒலிக்கருவியைத் தனதாக்கிக்கொள்ளும்போது சில கணினிகளில் திரைநவிலி ஊமையாகிவிடும். பார்வையற்றவருக்கு அது திரை அணைந்துபோவதற்குச் சமம். அதனால்தான் அனுபவசாலிகள் இரண்டு ஒலிக்கருவிகள் வைத்திருக்கிறார்கள்: இசைக்கு ஒன்று, திரைநவிலிக்கு ஒன்று.

நண்பரும் இப்போது அப்படித்தான். அழைப்பின் ஒலி வெளிக்கருவி வழியாக ரீப்பருக்குள் ஒரு ட்ராக்கில் இறங்குகிறது. திரைநவிலி மடிக்கணினியின் சொந்த ஒலிவாயிலில் செருகிய காதுக்கருவியில், இடக்காதில் மட்டும் பேசுகிறது. சென்ற மாதம் அதே முதியவரை மீண்டும் அழைத்து அதே கதையைக் கேட்டார். பதிவு துப்புரவாக வந்திருக்கிறது. ஆனால் இம்முறை அவர் கதையின் நடுப்பகுதியை வேறு விதமாகச் சொல்லிவிட்டார். பழைய ஒலிபெயர்ப்பில் 11 இடங்களில் ‘கேட்கவில்லை’ என்ற குறிப்பு அப்படியே இருக்கிறது.