நிறமா, இணைசேர்ப்பா? சாக்லேட் லாப்ரடாரின் ஆயுள் குறைவு பற்றிய ஒரு மரபியல் விசாரணை

சாக்லேட் நிற லாப்ரடார் மற்ற லாப்ரடார்களைவிட ஆயுள் குறைந்தது என்ற கருத்து, 2018க்குப் பிறகு நாய் வளர்ப்போரிடையே ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவியும் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையே அதற்கு அடிப்படை. 2013இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைகளில் பதிவாகியிருந்த 33,320 லாப்ரடார்களின் தரவுத் தொகுப்பிலிருந்து அவர்கள் மாதிரி எடுத்தார்கள். சாக்லேட் அல்லாத நாய்களின் இடைநிலை ஆயுள் 12.1 ஆண்டுகள், சாக்லேட் நாய்களுக்கு 10.7. கருப்பு நாய்களோடு ஒப்பிட்டால் சாக்லேட் நாய்களிடம் காது அழற்சி ஏறத்தாழ இருமடங்கும், சொறிந்து சொறிந்து உண்டாகும் ஈரத் தோல் அழற்சி ஏறத்தாழ நான்கு மடங்கும் இருந்தன. இவற்றிலிருந்து பழுப்பு நிற மரபணுவே நோய்க்குக் காரணம் என்று பலர் முடிவுகட்டினார்கள். அந்த முடிவுக்குச் சான்று போதாது என்பது என் வாதம். நிறத்தை வரவழைப்பதற்காகச் செய்யப்படும் இணைசேர்ப்புதான் காரணமாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஆய்வாளர்கள் இதை ஓர் ஊகமாகத் தாங்களே முன்வைத்திருந்தார்கள். நிற மரபியலில் இன்று நமக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு அந்த ஊகத்தை வலுப்படுத்தவும் சோதிக்கவும் முடியும்.

நாயின் ரோமத்துக்கு நிறம் தருபவை இரண்டு நிறமிகள்: கருமை தரும் யூமெலனின், மஞ்சளும் செம்மையும் தரும் ஃபியோமெலனின். 11ஆம் குரோமோசோமில் உள்ள டி.ஒய்.ஆர்.பி.-1 என்ற மரபணு, யூமெலனின் முழுக் கருமையை எட்டத் தேவையான ஒரு புரதத்தை உருவாக்குகிறது. அந்தப் புரதம் பழுதானால் நிறமி கருமையை எட்டாமல் பழுப்பிலேயே நின்றுவிடும். ரோமம், மூக்கு, இமை விளிம்பு, பாத மெத்தை எல்லாம் ஒருசேரப் பழுப்பாகும். இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுப்பு அல்லீல் (மரபணுவின் அந்தப் பழுதான வடிவம்) வந்தால்தான் குட்டி சாக்லேட். எம்.சி.1.ஆர். என்ற இன்னொரு மரபணுவின் இரு நகல்களும் செயலிழந்தால் ரோமத்தில் யூமெலனினே உருவாகாது. அந்த நாய் கருமை அல்லீலைச் சுமந்தாலும் பழுப்பு அல்லீலைச் சுமந்தாலும் மஞ்சளாகவே பிறக்கும். இரு மரபணுக்களிலும் கலப்பு அல்லீல்கள் கொண்ட இரண்டு கருப்பு நாய்களை இணைத்தால் கருப்பு, சாக்லேட், மஞ்சள் குட்டிகள் 9:3:4 என்ற விகிதத்தில் எதிர்பார்க்கப்படுவது இதனால்தான். மஞ்சள் நாயின் ரோமத்தில் தடைபட்ட யூமெலனின் அதன் தோலில் தொடர்ந்து உருவாகும். ஆகவே மறைந்திருக்கும் மரபை அதன் மூக்கிலும் இமை விளிம்பிலும் காணலாம்: கருமை அல்லீல் இருந்தால் கருப்பு, இரண்டும் பழுப்பானால் ஈரல் நிறம். கருமூக்கு வயதோடு வெளிறுவதும் உண்டு என்பதால் மரபணுச் சோதனையே உறுதியான சான்று. இந்த ஈரல்மூக்கு மஞ்சள் நாய் என் வாதத்துக்கு மிக முக்கியமானது.

சாக்லேட் குட்டிகளை விற்க விரும்பும் வளர்ப்பாளரின் நிலையிலிருந்து இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பழுப்பு அல்லீல் சுமக்காத கருப்பு நாயோடு சாக்லேட் நாயை இணைத்தால் ஒரு குட்டிகூடச் சாக்லேட்டாகப் பிறக்காது. அல்லீலைச் சுமக்கும் கருப்பு நாயானால் பாதிக் குட்டிகள். மஞ்சளைச் சுமக்காத இரண்டு சாக்லேட்களை இணைத்தால் எல்லாக் குட்டிகளும் சாக்லேட். வருமானம் நிறத்தைப் பொறுத்திருக்கும்போது எந்த இணை தேர்ந்தெடுக்கப்படும் என்பதில் ஐயமில்லை. வரலாறும் இந்த நெருக்கடியைக் கூட்டியது. 1892இலேயே பக்ளூ பிரபுவின் நாய்க் கூடத்தில் ஈரல் நிறக் குட்டிகள் பிறந்ததாகப் பதிவு உண்டு. ஆனால் பிரிட்டனில் முதல் சாக்லேட் சாம்பியன் எனப்படும் குக்ரிட்ஜ் டேங்கோ அந்தப் பட்டத்தைப் பெற்றது 1964இல்தான். நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த நிறம் திடீரென்று விரும்பப்படும்போது, கையில் இருக்கும் சில மூதாதையரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிவரும். அவற்றிடம் இருந்த காது, தோல் பலவீனங்களும் நிறத்தோடு சேர்ந்தே பரவும்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, மஞ்சளும் ஒடுங்கு பண்புதானே என்பது. மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தால் எல்லாக் குட்டிகளும் மஞ்சள். அப்படியானால் அந்த நாய்களும் அதே அளவு நலிந்திருக்க வேண்டாமா? இரண்டு ஒடுங்கு நிறங்களின் நிலையும் ஒன்றல்ல. 1899இல் பிறந்த பென் ஆஃப் ஹைட் தொடங்கி மஞ்சள் நாய்கள் வேட்டைக் களத்திலும் கண்காட்சியிலும் கருப்பு நாய்களோடு கலந்தே வளர்ந்தவை; அவற்றின் இனப்பெருக்கத் தொகுதி பெரியது. சாக்லேட் வளர்ப்பவருக்கோ இரண்டு பக்கமும் வேலி. பழுப்பு அல்லீல் சுமக்காத கருப்போடு சேர்த்தால் நிறம் மறைந்துபோகும். மஞ்சளோடு சேர்த்தால், அந்தத் தலைமுறையிலோ அடுத்ததிலோ, கண்காட்சிக்காரர்கள் விரும்பாத ஈரல்மூக்கு மஞ்சள் குட்டி பிறக்கக்கூடும். மேலும் அதே ஆய்வில், மேற்சொன்ன இரண்டு அழற்சிகளிலும் மஞ்சள் நாய்கள் கருப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பெரும்பாலான மஞ்சள் நாய்களில் டி.ஒய்.ஆர்.பி.-1 புரதம் நன்றாகவே வேலை செய்கிறது. பழுப்பு அல்லீலே காரணமானால் இந்த இடைநிலைக்கு விளக்கம் இல்லை.

நிற மரபணுக்கள் நோய் தருவது தெரிந்ததுதானே என்று இன்னொரு மறுப்பும் எழும். உண்மைதான். மெர்ல் எனப்படும் திட்டு நிறத்தின் அல்லீல் இரண்டு பிரதிகளாக வந்தால் நாய் செவிடாகப் பிறக்கக்கூடும். உட்செவிக்குத் தேவையான நிறமிச் செல்கள் அங்கே இல்லாமல் போவதே காரணம். சாக்லேட் நாயில் அந்தச் செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. அவை உண்டாக்கும் நிறமியின் சாயல்தான் வேறு. ஒரு மரபணுவைக் குற்றம் சாட்ட எத்தகைய சான்று வேண்டும் என்பதற்கு லாப்ரடாரிலேயே உதாரணம் உண்டு. பி.ஓ.எம்.சி. மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்ட வடிவம், பசியையும் உடல் எடையையும் கூட்டுவதை 2016இல் எலினார் ராஃபன் குழுவினர் காட்டினார்கள். அங்கே ஒவ்வொரு நாயின் மரபணுவும் படிக்கப்பட்டது. ஆயுள் ஆய்வில் இருந்ததோ மருத்துவமனைக் குறிப்பில் எழுதப்பட்ட நிறம் மட்டுமே. வம்சாவளியும் இல்லை, மரபணு விவரமும் இல்லை. ஆயுள் கணக்கில் இடம்பெற்ற சாக்லேட் நாய்கள் 34தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நிறமிப் புரதத்தின் இழப்போடு, குரோமோசோமில் அதன் அருகே உள்ள வேறொரு கெட்ட மரபணுவையும் சிலர் சந்தேகிக்கலாம். இந்தச் சந்தேகங்களைத் தீர்க்க இயற்கையே வழி வைத்திருக்கிறது. 2002இல் ஷீலா ஷ்முட்ஸ் குழுவினர் விவரித்தபடி, நாய்களில் பழுப்பு நிறம் ஒரே பிழையால் வருவதில்லை. ஒரு பிழை புரதத்தைப் பாதியிலேயே முடித்துவிடுகிறது. இன்னொன்று ஓர் அமினோ அமிலத்தை நீக்குகிறது. மூன்றாவது, ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் வேறொன்றை வைக்கிறது. இவை வெவ்வேறு மூதாதை நாய்களில் தனித்தனியே தோன்றியவை. எனவே ஒவ்வொன்றின் அண்டை மரபணுக்களும் வேறு. லாப்ரடாரில் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை புழங்குகின்றன. அண்டை மரபணு குற்றவாளியானால், நோய் ஒரு பிழையோடு மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். புரத இழப்பே காரணமானால் எல்லாப் பிழைகளோடும் வரவேண்டும். ஈரல்மூக்கு மஞ்சள் நாய்களையும் தாக்க வேண்டும். ஒரே ஈற்றில் பிறந்த சாக்லேட் குட்டிகள் தம் கருப்பு உடன்பிறப்புகளைவிட நலிந்திருக்க வேண்டும். உடன்பிறப்புகளிடையே வேறுபாடு மறைந்து, சாக்லேட் வம்சங்களுக்கும் மற்ற வம்சங்களுக்கும் இடையில் மட்டும் தங்கினால், பொறுப்பு இணைசேர்ப்பையே சேரும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் எடுக்கும் மாதிரியும் சில நூறு ஈற்றுகளின் மருத்துவப் பதிவும் இதற்குப் போதும் என்று கருதுகிறேன்.

காரணம் எதுவானாலும் நாய் துன்பப்படுகிறதே, இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பரிகாரம் அதைப் பொறுத்தே மாறும் என்பதுதான் பதில். பழுப்பு அல்லீல்தான் நோய் என்றால் சாக்லேட் நாய்களை இனப்பெருக்கத்திலிருந்தே விலக்க வேண்டும். குறுகிய வம்சம்தான் நோய் என்றால் அந்த நிறத்தை இழக்க வேண்டியதில்லை. உறவில்லாத வேட்டை வம்சத்திலிருந்து பழுப்பு அல்லீல் சுமக்கும் கருப்பு நாய் ஒன்றைச் சோதித்துத் தேர்ந்து இணைத்தால், முதல் ஈற்றிலேயே ஏறத்தாழப் பாதிக் குட்டிகள் சாக்லேட்டாகப் பிறக்கும். அவற்றின் மரபில் பாதி புதியதாக இருக்கும். அல்லீல் சுமக்காத கருப்பு நாய்தான் கிடைத்தது என்றால், முழுக் கருப்பு ஈற்று ஒன்றை ஏற்றுக்கொண்டு, இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.