உறைமேல் விலாசம் எழுதிய வீட்டுக் கணிப்பொறி

கடிதம் எழுதுவது இன்பம். உறைமேல் விலாசம் எழுதுவது வேலை. ஒரு கடிதத்திற்கு ஓர் உறை என்றால் அவ்வேலை பெரிதன்று. ஒரு சங்கத்தின் செயலாளர், ஆண்டுக் கூட்டத்திற்கு இருநூறு உறுப்பினரை அழைக்க வேண்டியிருக்கும்போதுதான் அதன் சுமை தெரியும். ஐம்பதாவது உறைக்குள் கை சோர்ந்துவிடும். நூறாவது உறையில் எழுத்துக் கோணும். நூற்றைம்பதாவது உறையில் ஒருவருடைய பெயர் வேறொருவருடைய தெருவோடு சேர்ந்துவிடும். அந்த அழைப்பு போகவேண்டிய இடத்திற்குப் போகாது. தம்மை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டதாக அந்த உறுப்பினர் எண்ணிக்கொள்வார்.

1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வீட்டுக் கணிப்பொறிகள் கடைக்கு வந்தபோது, ஒரு குடும்பம் இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்ற கேள்விக்கு, விற்பவர்களிடமே தெளிவான விடை இருக்கவில்லை. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கலாம் என்றார்கள். சமையற் குறிப்புகளைச் சேர்த்து வைக்கலாம் என்றார்கள். சமையற் குறிப்பு யோசனை புதியதன்று. 1969-இல் நீமன் மார்க்கஸ் என்ற கடை, ஹனிவெல் கம்பெனியின் கணிப்பொறி ஒன்றைச் சமையலறைக்கு உரியதென்று தன் விலைப்பட்டியலில் சேர்த்து, 10,600 டாலர் விலை குறித்திருந்தது. அதனை வாங்கிய குடும்பம் ஒன்றேனும் இருந்ததாகச் சான்றில்லை. குறிப்புப் புத்தகத்தைப் புரட்டுவது அதனினும் எளிது என்பதைச் சமைப்பவர்கள் அறியமாட்டார்களா? விலாசப் பட்டியலின் நிலை வேறு. ஒருமுறை எழுதி, பலமுறை அச்சிட்டு, அவ்வப்போது திருத்தி, வேண்டியவாறு வரிசை மாற்றிக்கொள்ள வேண்டிய பொருள் அது. வீட்டுக் கணிப்பொறி மெய்யாகவே செய்து முடித்த முதல் வேலைகளுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

விலாசப் பொறி வீட்டுக் கணிப்பொறிக்கு எண்பது ஆண்டு மூத்தது. அயோவா மாநிலத்துச் சூ சிட்டியைச் சேர்ந்த ஜோசப் ஸ்மித் டங்கன் என்பவர் 1896-இல் ‘அட்ரஸோகிராப்’ என்ற பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் நிலைபெற்ற அதன் முறையில், ஒவ்வொரு விலாசமும் ஒரு சிறு உலோகத் தகட்டில் புடைத்த எழுத்தாகப் பொறிக்கப்படும். இழுப்பறையில் வரிசையாக நிற்கும் தகடுகள் ஒவ்வொன்றாகப் பொறிக்குள் சென்று, மைநாடாவின் வழியே உறைமேல் பதிந்து, மீண்டும் தம் வரிசைக்குத் திரும்பும். தகட்டில் எழுத்து அடிக்கும் துணைப்பொறியைக் கொண்டே, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் கழுத்தில் அணிந்த அடையாளத் தகடுகளும் அடிக்கப்பட்டன. பத்திரிகை அலுவலகங்களுக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் இப்பொறி இன்றியமையாததாயிற்று. சிறு சங்கத்தின் செயலாளருக்கோ அது எட்டாத பொருள்.

இத்தகைய பொறிகள் ஒரு நாட்டின் விலாச வழக்கையே மாற்றின. 1963 ஜூலை 1-ஆம் நாள் அமெரிக்கத் தபால் துறை ஐந்து இலக்க ‘ஜிப்’ எண்ணை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊர், மாநிலம், எண் ஆகிய மூன்றும் விலாசத்தின் கடைசி வரியில் அடங்க வேண்டும். ஆனால் நாட்டில் வழங்கிய விலாசப் பொறிகளிற் பெரும்பாலானவை ஒரு வரிக்கு 23 எழுத்திடங்களையே தந்தன. ஊருக்கு 13, ஓர் இடைவெளி, மாநிலத்திற்கு 2, இரண்டு இடைவெளி, எண்ணுக்கு 5, கூட்டினால் 23. ஆகவே மாசசூசெட்ஸ், கலிபோர்னியா முதலிய நீண்ட பெயர்களெல்லாம் அவ்வாண்டு அக்டோபரில் இரண்டிரண்டு எழுத்துகளாகக் குறுகின. மாநிலங்களின் பெயரைச் சட்டசபைகள் சுருக்கவில்லை, ஒரு தகட்டின் அகலம் சுருக்கியது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே உண்டாகிறது. 1967-இல் மொத்தத் தபால் அனுப்புவோர் ஜிப் எண்ணை எழுதியே ஆகவேண்டும் என்று விதித்தார்கள். குறைந்தது 200 உறைகளேனும் இருந்து, அவற்றை எண் வரிசைப்படி பிரித்துக் கட்டிக் கொடுத்தால் கட்டணம் குறையும். சிறிய சங்கத்திற்கு அந்தச் சலுகை பெரிது. ஆனால் பெயர் வரிசையில் இருக்கும் பட்டியலை எண் வரிசைக்குக் கையால் மாற்றுவது யார்?

இந்த இடத்தில்தான் வீட்டுக் கணிப்பொறி வந்து சேர்ந்தது. 1977-இல் ஆப்பிள் 2, காமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் வெளிவந்தன. டிஆர்எஸ்-80, திரையோடும் ஒலிநாடாப் பதிவியோடும் சேர்த்து 599.95 டாலர். அதன் அடிப்படை மாதிரியின் நினைவகம் 4,096 எழுத்துகளையே கொள்ளும். ஒரு விலாசத்திற்கு 80 எழுத்து என்று கொண்டால், வேறெதையும் உள்ளே வையாதிருந்தாலும் 51 விலாசங்களோடு நிரம்பிவிடும். மேலும், ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அது காட்டிற்று. சிறிய எழுத்துகள் இல்லை. திரைக்குரிய நினைவகத்தில் ஒரு சில்லை விட்டுவிட்டுச் செலவைக் குறைத்ததன் விளைவு அது. கடிதம் எழுதுவதற்கு இது பெருங்குறை. விலாசத்திற்கோ இது குணமாயிற்று. 1965-இலேயே டிட்ராய்ட் தபால் நிலையத்தில், அச்செழுத்தில் அமைந்த கடைசி வரியைத் தானே படித்து உறைகளைப் பிரிக்கும் பொறி வேலை தொடங்கிவிட்டது. அத்தகைய பொறிகளுக்கு ஏற்றது, நிறுத்தக் குறிகள் இன்றிப் பெரிய எழுத்துகளால் அமைந்த விலாசமே. மலிவாகச் செய்த பொறியின் ஊனமும் தபால் துறையின் தேவையும் இவ்வாறு ஒத்துப்போயின.

விலாசம் அச்சிடும் நிரலைப் பேசிக் மொழியில் எழுதிக்கொள்வது பள்ளி மாணவனுக்கும் இயலும். பெயர், தெரு, ஊர், எண் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடச் சொன்னால் போதும். ஆயினும் அந்தச் சின்னஞ்சிறு நிரலில் எத்தனை பொறிக்கிடங்குகள்! பேசிக் மொழியில் காற்புள்ளி என்பது ஒரு செய்தியின் முடிவு. தெருவின் பெயருக்குப் பின் காற்புள்ளியிட்டு வீட்டு எண்ணை எழுதினால், கணிப்பொறி அதை இரண்டு செய்திகளாகக் கொள்ளும். அதன்பின் ஊர் இருக்குமிடத்தில் வீட்டு எண்ணும், பெயர் இருக்குமிடத்தில் ஜிப் எண்ணுமாகப் பட்டியல் முழுவதும் ஓரிடம் நகர்ந்துவிடும். மேற்கோட்குறிக்குள் வைத்தாலொழிய இதற்கு மாற்றில்லை.

சுழியின் தொல்லை இன்னும் நுட்பமானது. பாஸ்டன் நகரத்து ஜிப் எண் ஒன்று 02108. இதனை எண்ணாகக் கொடுத்தால், முன்னிற்கும் சுழிக்கு மதிப்பில்லை என்று கணிப்பொறி அதை நீக்கிவிட்டு 2108 என்று அச்சிடும். கணிதப்படி அது சரியே. தபாற்காரருக்குத்தான் அது பயன்படாது. ஜிப் எண் உண்மையில் எண்ணன்று, இலக்கங்களால் எழுதிய ஒரு பெயர் என்பதைப் பலர் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு, 1 முதல் 9 வரையுள்ள இலக்கம் ஒன்றில் தொடங்குவதால், நமக்கு இத்தொல்லை நேரவில்லை.

இனி வரிசைப்படுத்துதல். 200 விலாசங்களை, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடும் எளிய முறையில் வரிசைப்படுத்தினால், 19,900 ஒப்பீடுகள் வேண்டும். 1982-இல் 595 டாலருக்கு வந்த காமடோர் 64 இதைச் செய்யும்போது, நடுவே அசைவற்று நின்றுவிடுவதும் உண்டு. பயன்படாமற்போன எழுத்துத் தொடர்களை நினைவகத்திலிருந்து அகற்றும் உள்வேலை அது. அறியாதவர்கள் பொறி கெட்டுவிட்டதென்று மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருந்த பட்டியல் அத்துடன் மறையும். பொறுத்திருந்தவர்களுக்கு, ஒரு மாலை முழுவதும் மேசைமேல் உறைகளைப் பரப்பிப் பிரிக்கும் வேலை மிச்சம். அதே ஆண்டில் வந்த 1541 என்ற தட்டு இயக்கியில் ஒரு தட்டு ஏறத்தாழ 1,70,000 எழுத்துகளைக் கொண்டது. இரண்டாயிரம் விலாசங்களுக்கு அது போதும்.

இவ்வளவும் திரைமேல் நடப்பவை. உறையோ ஒரு காகிதப் பொருள். அதற்குத் தனிப் பிடிவாதங்கள் உண்டு. 1980-ஐ ஒட்டிப் பரவிய எப்ஸன் எம்எக்ஸ்-80 என்ற அச்சுப்பொறி, ஒன்பது ஊசிகள் மைநாடாவைக் குத்திப் புள்ளிகளால் எழுத்தமைப்பது. அதன் முதல் மாதிரி, இருபக்க ஓரங்களிலும் துளையிட்ட தொடர்காகிதத்தையே இழுக்கும். அமெரிக்க அலுவலகங்களில் வழங்கும் பத்தாம் எண் உறை 9½ அங்குல நீளமும் 4⅛ அங்குல உயரமும் உடையது. தொடர்காகிதத்தின் அகலமும் அதே 9½ அங்குலந்தான். ஆனால் உறையில் துளை ஏது? உருளையின் அழுத்தத்தால் காகிதத்தைப் பற்றும் எப்/டி என்ற மாதிரி வந்த பின்னரே உறை எளிதாக உள்ளே சென்றது.

சென்ற பின்னும் ஒரு தடை. காகிதம் தீர்ந்ததை உணரும் சிறு விசை ஒன்று அச்சுப்பொறியினுள் உண்டு. உறை குட்டையானதால், விலாசம் முடிவதற்குள் அதன் கீழ்விளிம்பு அவ்விசையைக் கடந்துவிடும். காகிதம் இல்லையென்று பொறி நின்றுவிடும். இதற்கு மருந்து, 27 என்ற குறியெண்ணையும் அதையடுத்து 8 என்ற எழுத்தையும் முதலில் அனுப்பி, அந்த உணர்வை அடக்கிவைப்பதாகும். ஒட்டிய மடிப்புகளால் உறையின் கனம் இடத்துக்கு இடம் மாறும்; ஆதலால் எழுத்துத் தலையைச் சற்றே விலக்கியும் வைக்கவேண்டும். விலக்கினால் எழுத்து மங்கும். மங்கினால், ஒவ்வொரு வரியையும் ஓர் அங்குலத்தில் 216-இல் ஒரு பங்கு நகர்த்தி இருமுறை அடிக்கச் சொல்லலாம். இத்தனையும் செய்து ஓர் உறை முடிந்ததும் நிரல் நின்று காத்திருக்கும். அடுத்த உறையை மனிதக் கை வைக்கவேண்டும். இருநூறு உறைக்கு இருநூறு முறை!

ஒட்டுச்சீட்டுகளை அச்சிட்டவர்களுக்கு இந்த உழைப்பு இல்லை. ஓரங்குலத்திற்கு ஒரு சீட்டு, அதில் ஆறு வரி என்று அவை ஓடும். ஆனால் மூன்று வரி விலாசமும் மூன்று வெற்று வரியும் என்று நிரலில் எழுதிவிட்டு, பட்டியலில் ஒருவருக்கு மட்டும் நான்கு வரி வந்துவிட்டால், அவருக்குப் பின் வரும் அனைவரும் ஒரு வரி கீழிறங்குவார்கள். அப்படி நான்கு பேர் வந்தால், அதன்பின் விலாசங்கள் சீட்டின் விளிம்பைத் தாண்டத் தொடங்கும். மேலும் சீட்டு ஒட்டிய உறையைக் கண்டாலே விளம்பரம் என்று பிரிக்காமல் எறிவோர் பலர். உறைமேல் நேரே அச்சிட்டால், யாரோ நமக்கென்று தட்டச்சுச் செய்தார்கள் என்ற தோற்றமாவது இருக்கும்.

இதில் இழப்பும் உண்டு. தகட்டு முறையில் ஓர் உறுப்பினர் மறைந்தால், அவருடைய தகட்டை இழுப்பறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது ஒன்றே ஒன்றுதான். கையால் எழுதும் செயலாளரோ ஆண்டுதோறும் ஒவ்வொரு பெயரையும் எழுதுகையில், இவர் வீடு மாறினார், இவர் காலமானார் என்று நினைவுகூர்வார். கணிப்பொறிப் பட்டியலுக்குப் பிரதிகள் பல: ஒலிநாடாவில் ஒன்று, தட்டில் ஒன்று, நண்பரிடம் ஒன்று. திருத்தியது எது, திருத்தாதது எது என்று தடுமாறிப் பழைய பிரதியை எடுத்து அச்சிட்டால், மறைந்தவரின் பெயருக்கு ஆண்டுக் கூட்ட அழைப்பு செல்லும். அந்த உறையைப் பிரிப்பவர் அவருடைய மனைவி. இப்பிழைக்குப் பேசிக் மொழியில் பிழைச் செய்தி கிடையாது.

அட்ரஸோகிராப்பை விற்றுவந்த கம்பெனி, ஏ.எம். இன்டர்நேஷனல் என்ற பெயரில், 1982 ஏப்ரலில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து காப்புக் கோரி நீதிமன்றத்தை அணுகியது. காமடோர் 64 கடைக்கு வந்ததும் அவ்வாண்டே. அக்கம்பெனியின் நலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. வீட்டுக் கணிப்பொறி அதை வீழ்த்திற்று என்று சொல்லுவது மிகை. பின்னர் பரவிய லேசர் அச்சுப்பொறி, புள்ளி எழுத்தையும் மெல்லப் பின்தள்ளியது.

இன்றும் பழைய கணிப்பொறிகளைப் பேணிவைப்போருள் சிலர், விழாக்காலத்து வாழ்த்து உறைகளை அவற்றிலேயே அச்சிடுகிறார்கள். உறையின் அளவும் மாறவில்லை, விலாசத்தின் மூன்று வரிகளும் மாறவில்லை. ஆகவே நாற்பதாண்டுப் பொறிக்கும் அந்த வேலை பொருந்துகிறது. கடைசி வரியில் மாநிலத்தின் பெயர் இன்னமும் இரண்டெழுத்துதான். 23 எழுத்திடத் தகடுகள் பயன்பாட்டினின்று மறைந்து நெடுநாளாயிற்று.